பாம்பின் வாயில் வர்ணப்பெட்டி

உதயகலாவுக்குச் சித்திரம் படிப்பிப்பதில் ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்களைக் கண்டால்தான் குமட்டும். நாற்பதைத் தாண்டியும் நிரந்தர நியமனம் கிடைக்காதவள். தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்திருந்தாள். வேறு எதிலும் அவளுக்கு மனம் ஒட்டவில்லை.

நிலையத்தின் சிறுவர் பகுதிக்குப் பாம்பும் ஏணியும் விளையாட்டு ஒன்று வேண்டும் என்றார்கள். கடையில் வாங்காமல் பிள்ளைகளே பெரிய பலகையில் கீறட்டும் என்றாள் அவள். மனிதரை எது ஏற்றிவிடும், எது இறக்கிவிடும் என்று அவர்களே யோசித்து, ஏணிகளின் இரண்டு முனையிலும் பாம்புகளின் வாயிலும் வாலடியிலும் படம் போடவேண்டும். ஒரு தரமாவது இந்தப் பிள்ளைகள் சொந்தப் புத்தியில் ஒன்றைச் செய்வார்கள் என்று நம்பினாள். நம்பிக்கைக்கு என்ன குறைச்சல்!

கூட்டிவந்த தாய்மார் வீட்டுக்குப் போனால்தானே. யன்னலுக்கு வெளியே நின்று, எதை எங்கே கீறவேண்டும் என்று உள்ளே ஏவிக்கொண்டேயிருந்தார்கள். கடைசியில் பார்த்தால், ஏணிகள் எல்லாம் ரியூசன் கொட்டிலில் தொடங்கி, டொக்டரின் வெள்ளைக் கோட்டிலும் கனடா விமானத்திலும் போய் முடிந்தன. பாம்புகளின் வாயில் பந்து, பட்டம், சைக்கிள், ஒரு நாய்க்குட்டி. நாய்க்குட்டி யாருக்கு என்ன கெடுதல் செய்ததோ.

உதயகலாவுக்கு இருந்த ஒரே ஆறுதல் தர்சிகா. நாலாம் வகுப்புப் பிள்ளை. பென்சில் எடுத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். பலகையின் உச்சியில் ஒரு பெரிய பாம்பைக் கையால் மறைத்து மறைத்துக் கீறிக்கொண்டிருந்தாள். இவள் ஒருத்தியாவது தன் மனதில் இருப்பதைப் போடட்டும் என்று உதயகலா கிட்டப் போகாமல் காத்திருந்தாள்.

தர்சிகா கையை எடுத்தாள். பாம்பின் வாயில் ஒரு வர்ணப்பெட்டி. மூடி உடைந்து, நூலால் கட்டியிருந்தது; உதயகலா வகுப்புக்குக் கொண்டுவரும் அவளுடைய பெட்டியேதான். வாலடியில் பரீட்சைத் தாளோடு ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள்.

தர்சிகாவின் தாய் கஜானி உள்ளே வந்து பார்த்துப் பூரித்துப்போனாள்.

"அடுத்த வருசம் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதினை எல்லோ, ரீச்சர். வாற மாசத்தோடை சித்திரத்தை நிப்பாட்டப் போறன். பாருங்கோ, பிள்ளைக்கே விளங்கீட்டுது."

மற்றத் தாய்மார் கைதட்டினார்கள். ஒருத்தி போனில் படமும் எடுத்தாள். அந்தக் கைகளைப் பார்க்கவே உதயகலாவுக்கு அருவருத்தது. தங்கள் பயத்தை ஒரு குழந்தையின் வாயில் தீத்திவிட்டோமே என்ற கூச்சம் அங்கே ஒருத்தியின் முகத்திலும் இல்லை.

தர்சிகா அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. உதயகலாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ரீச்சர், செதிலுக்கு நிழல் நீங்கள் காட்டித்தந்த மாதிரித்தான் போட்டனான். சரியோ?"

உதயகலா குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு செதிலும் தனித்தனியே மினுங்கியது. அந்தப் பலகையில் அதைவிட வடிவான படம் வேறு இல்லை.

"ஓம்," என்றாள். "சரியாத்தான் போட்டிருக்கிறாய்."