ஐஸ் பெட்டியில் வந்த ரத்தம்

ரத்த அணுக்களை எண்ணும் மெஷினைக் கட்டி மேய்ப்பவனுக்கு முதலில் கெடுவது தூக்கம். ஏதாவது ஒரு மெஷினுக்குக் காவலிருந்து நகம் கடித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ராமநாதபுரத்தில் அப்படியோர் ஆய்வுக்கூடத்தை என் தலையில் கட்டினார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் எத்தனை மிச்சம் என்று லேசர் ஒளியில் எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒரு கோட்டுக்குக் கீழே போனால்தான் அப்போது மாத்திரை தொடங்குவார்கள். கடலாடி, திருவாடானை, ராமேஸ்வரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மெஷின்.

கதவு

மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினியர் இரண்டு நாள் லேசரைத் திருகித் திருகிச் சரிசெய்தார். தூசி, சூடு, அதிர்வு மூன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மண்ணை வாரிக்கொண்டு காற்று வந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் எனக்கு நெஞ்சு பதறும். ஒருநாள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த பாண்டியம்மாள் சொன்னார்: "மெஷினு ஆடாம நல்லாத்தேன் இருக்கு சார். நீங்கதேன் ஆடுறீக."

ஐஸ்

கடலாடிப் பக்கத்து ரத்தக் குழாய்களை வாரந்தோறும் ஜீப்பில் கொண்டுவருபவர் சேகரன். அதற்கு முன் மீன் வண்டி ஓட்டியவர். முதல் வாரம் பெருமையாகப் பெட்டியைத் திறந்தார். பதினோரு குழாய்களும் பொடித்த ஐஸுக்குள், சீலா மீன்களைப் போல வரிசையாகக் கிடந்தன.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐஸில் வைத்த ரத்தத்தின் எண்ணிக்கையை நம்ப முடியாது. பதினோரு பேரும் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். அதில் ஒருவர், மாரியூரில் கருவாடு காயப்போடும் பெண். காய்ச்சல் விடாமல் அடிக்கிறது, சீக்கிரம் எண்ணிச் சொல்லுங்கள் என்று அவருக்காகக் கடலாடியிலிருந்து இரண்டு முறை போன் வந்திருந்தது. சேகரனிடம் சத்தம் போட்டேன். தப்பு என்னுடையதும்தான். குறிப்பில் 'அறை வெப்பநிலையில் கொண்டுவரவும்' என்று எழுதினேனே தவிர, ஐஸ் கூடாது என்று எழுதவில்லை.

அவர் நிதானமாகக் கேட்டார்: "காரப்பொடி மாதிரிப் பொடி மீனக்கூட ஐஸு இல்லாம ஏத்த மாட்டோம். மனுச ரத்தத்த எப்பிடி சார் சும்மா கொண்டாறது?"

ஜீப்பில் வந்தவர்

அடுத்த வாரம் ஐஸ் இல்லை. குழாய்ப் பெட்டியை ஈரச் சாக்கில் சுற்றி முன் சீட்டில் வைத்திருந்தார் சேகரன். வெயிலுக்கு நல்ல யோசனை. ஆனால் மாரியூர்க் குழாய் மட்டும் இல்லை. பெட்டியை மறுபடி துழாவினேன். ஜீப்பின் பின் சீட்டிலிருந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் இறங்கினார். காய்ச்சலோடு இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளயே இருந்தாக் கெட்டுப்போகாதுல்ல சார். அதேன் நானே கொண்டாந்துட்டேன்."

எண்

அவர் ரத்தத்தை மெஷினில் வைத்த பிறகு கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்த, மறுபடி அந்தப் பெண்ணிடம் ஊசியோடு போக வேண்டுமோ என்று நடுங்கினேன். காற்றில் அடித்துக்கொள்ளாமல் கதவை முதுகால் முட்டுக்கொடுத்து நின்றார் சேகரன். எண் வந்தது. கோட்டுக்கு வெகு கீழே. இரண்டு முறை சரிபார்த்துவிட்டு டாக்டரிடம் நீட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு, மாத்திரை தொடங்க எழுதிக்கொடுத்தார்.

கிளம்பும்போது அந்தப் பெண் என் கதவருகே நின்றார். "கொறஞ்சதுனாலதான சார் மாத்திரை குடுத்தாக, நீங்க எதுக்கு வாடிப்போயி நிக்கிறீக? ஆறு மாசங் கழிச்சு வாரேன், அப்பக் கூட்டி எண்ணிக் குடுங்க."

சொன்னபடியே ஆறு மாதம் கழித்து வந்தார், எண்ணிக்கை கூடியிருந்தது. குறைந்திருந்தது என் நகங்கள் மட்டும்தான்.