பக்கிள் இல்லாத வார்

யாழ்ப்பாணத்தில் பிறந்த காரணத்தால் கடல் தன் சொந்தக் காணி என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு வங்கி முகாமையாளர்தான் எங்கள் சுழியோடும் குழுவின் தலைவர். யாரும் தெரிவு செய்யவில்லை, அவரே ஆனார். இருபது வருடமாகக் கண்டியில் குடியிருந்தும் அட்டைக் கடிக்குப் பயந்து ஹந்தானை மலைப் பக்கம் ஏறிப் பார்க்காதவர். நான் அதே ஹந்தானையில் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள். டவுனில் கணிதம் படிப்பிக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் கடலுக்கடியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டுக் குழுவில் சேர்ந்தேன்.

"மலையகத்து ஆக்களுக்கு ஏன் டீச்சர் கடல்?" என்று சிரித்தார் தலைவர்.

அப்படிச் சிரித்த மனிதரிடமே எனக்கு ஃபின்ஸ் வாங்கித் தரச் சொன்னேன் பாருங்கள், என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். காலில் மாட்டுகிற அந்தத் துடுப்பைக் குதிகாலோடு பிடித்து வைப்பது ஒரு ரப்பர் வார். இரண்டு பக்கமும் பக்கிள். வார் நுனியைப் பிடித்து இழுத்தால் இறுகும். கழற்ற வேண்டுமென்றால் பக்கிளைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அமுக்க வேண்டும். எனக்கோ இரண்டு பெருவிரலிலும் மூட்டுவாதம். சோக் துண்டைக்கூடப் பென்சில் மாதிரிப் பிடிக்க முடியாது. அதையும் சொன்னேன்.

"நானும் இதே கம்பனிதான் பாவிக்கிறன்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

முதல் நாள் கண்டியில் ஒரு நீச்சல் தடாகத்தில் பயிற்சி. அங்கே நான் செய்த பிழையை எங்கள் தோட்டத்தில் பிறந்த எவளும் செய்வாள். காலில் எதைக் கட்டினாலும் எங்களுக்கு அட்டை ஞாபகம்தான். மழைக்காலத்தில் மலைக்கு ஏறும்போது காலுறைக்கு மேல் கயிற்றைச் சுற்றி, இரத்தம் நிற்கிற அளவுக்கு இறுக்குவோம். தளர்ந்தால் ஏறிவிடுமே. அந்தப் பழக்கத்தில் வாரை மூச்சைப் பிடித்து இழுத்துவிட்டேன். நீச்சல் தடாகத்தில் ஏது அட்டை? பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. பக்கிள் அசையவில்லை.

தலைவர் நீந்தி வந்தார். "காலை நீட்டுங்கோ டீச்சர்."

என்னிடம் படித்த இரண்டு பேரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்கள் பார்க்க, பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சப்பாத்துக் கழற்றுகிற மாதிரிக் கழற்றிவிட்டார். பக்கிள் எனக்குச் சரிவரவில்லை என்றேன். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று தடாகம் முழுக்கக் கேட்கச் சொன்னார். அடுத்த மூன்று வாரமும் இதே கூத்துத்தான்.

கடைசியில் பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏணியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, மத்தக் கையால நீங்களே ஃபின்ஸைக் கழட்டணும் டீச்சர். இல்லாட்டி உங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போக ஏலாது."

அந்தச் சனிக்கிழமையே அக்குறணைக்கு பஸ் ஏறினேன். கூடாரம், தூண்டில், நீச்சல் சாமான் எல்லாம் விற்கிற ஒரு கடையில் முதலாளி நாலு வகை வாரை எடுத்துப் போட்டார். இரண்டில் பக்கிள். தொடவேயில்லை. ஒன்று பளபளவென்று மஞ்சள், அழகுக்கு மட்டும். நாலாவது, தடித்த ஸ்பிரிங்கில் செய்த வார். குதிகாலில் ரப்பர் பட்டையும், அதில் விரல் நுழைகிற ஒரு வளையமும். இறுக்கவும் தளர்த்தவும் எதுவுமில்லை. கொண்டுபோன ரப்பர் சப்பாத்தைப் போட்டு, ஃபின்ஸில் அந்த வாரைப் பூட்டி, கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். நடுவிரலை வளையத்தில் கொடுத்து இழுத்தேன். ஏறியது. மறுபடி இழுத்தேன். கழன்றது. இடது கையாலும் செய்து பார்த்தேன்.

"என்ன டீச்சர், கடைக்குள்ளேயே முங்கப் போறீங்களா?" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டே பத்துத் தடவை போட்டுக் கழற்றினேன்.

பயிற்சியாளர் முன் ஒரு கையால் கழற்றிக் காட்டித் தேறினேன். திருகோணமலையில் படகு ஏறியதும் தலைவர் என் காலைப் பார்த்தார். "இது வயசு போன ஆக்கள் போடுறது" என்றார். சொல்லிக்கொண்டே தன் வாரை இழுத்தார். கார் டிக்கியின் சூட்டில் வருடக்கணக்காகக் கிடந்த ரப்பர் பட்டென்று அறுந்தது. எங்கள் ஆட்கள் எதையும் எறிய மாட்டார்கள். என் பழைய வார் பையில் இருந்தது. அதே கம்பனிதானே, பொருந்தியது. அதற்குள் முதுகில் சிலிண்டரை மாட்டியிருந்ததால் அவரால் குனிய முடியவில்லை.

"ஒருக்கா இழுத்து விடுங்கோ டீச்சர்."

இழுப்பதற்குப் பெருவிரல் தேவையில்லை. அட்டைக்குக் கட்டுகிற மாதிரி இழுத்தேன். வேண்டுமென்றுதான் செய்தேன், இன்றுவரை அதற்காக வருத்தப்படவில்லை.

கடலுக்கடியில் நான் கண்டதை இவரைப் பற்றிய கதையில் வீணாக்க மாட்டேன். மேலே வந்து, ஏணியைப் பிடித்து, நடுவிரலால் ஒன்று, இரண்டு என்று கழற்றிக்கொண்டு படகில் ஏறினேன். கீழே தலைவர் ஏணியில் தொங்கிக்கொண்டு, அலை தூக்கித் தூக்கிப் போட, ஒரு கையால் பக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. கெண்டைக்கால் பிடித்திருக்க வேண்டும்.

"இந்தப் பக்கிள் சரியில்லை!" என்று கத்தினார்.

படகோட்டி உதவிக்குக் குனிந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"கூடம் கோணல் போல. காலை நீட்டுங்க சார்."

அவர் நீட்டினார்.