வீரபாகு அண்ணாச்சியின் மலைப்படம்

தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டில் வீரபாகு ஸ்டூடியோ வைத்திருந்தான். கொழும்புக்குக் கப்பலேறுகிறவர்கள் பயணப் பாஸில் ஒட்டுகிற படத்துக்கு அவனிடம்தான் வருவார்கள். கல்யாணம் முடிந்த ஜோடிகள் மாலை வாடுவதற்குள் வந்து நிற்பார்கள். செத்துப்போன பெரியவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு ஆளனுப்பினால் அதற்கும் போவான். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அவன் "அசையாதீங்க" என்று சொன்னால் துறைமுகத்துத் துரைகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த ஒரு சொல்லுக்கு இருந்த அதிகாரம் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவன் அப்பா ஏரலில் கருப்பட்டி வியாபாரி. மகனை நாசரேத்தில் போர்டிங்கில் சேர்த்துப் படிக்கவைத்தார். அங்கே அவனுக்கு இரண்டு சிநேகிதர்கள் கிடைத்தார்கள். ஒருவன் தேவபிரசாதம், உள்ளூர்க்காரன், வாயைத் திறந்தாலே சிரிப்புத்தான். இன்னொருவன் காயல்பட்டினத்துக் காஜா முஹ்யித்தீன்.

காஜாவுக்கு எல்லாம் தானாக வரும். வீரபாகு முட்டி மோதிப் படித்த கணக்கை அவன் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே போட்டுவிடுவான். ஆற்றில் இறங்கினால் முதலில் அக்கரையைத் தொடுகிறவன் அவன். பாட்டு வாத்தியாரும் அவனைத்தான் முன்வரிசையில் நிறுத்துவார். அதற்காக அலட்டவும் மாட்டான். அலட்டியிருந்தால் வீரபாகு அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான்.

படிப்பு முடிந்ததும் காஜா வாப்பாவோடு கொழும்புக்கு இரத்தினக்கல் வியாபாரத்துக்குப் போனான். தேவபிரசாதம் நாசரேத்திலேயே வாத்தியார் ஆனான். வீரபாகு திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து படத்தொழில் படித்தான். கறுப்புத் துணிக்குள் முதன்முதலில் தலையை விட்ட அன்றைக்கே, இது காஜாவுக்குத் தெரியாத உலகம் என்ற நினைப்பு அவனுக்கு வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை.

உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் பழையபடி ஓடத் தொடங்கிய வருஷம், மார்கழிக் கடைசியில் காஜா கொழும்பிலிருந்து வந்து இறங்கினான். நேரே ஸ்டூடியோவுக்கு வந்தான், கூடவே தேவபிரசாதமும். காஜாவின் கழுத்தில் தோலுறை போட்ட சின்னப் பெட்டி ஒன்று தொங்கியது.

"என்னலே அது?" என்று கேட்டான் வீரபாகு.

"கேமராலே. ஜெர்மன்காரன் செஞ்சது. சும்மா பொழுதுபோக்குக்கு வாங்குனேன்."

சும்மா! பொழுதுபோக்குக்கு! வீரபாகு அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். பூனைக்குட்டியைப்போல உள்ளங்கையில் அடங்கியது. அவனுடைய மரக் கேமராவையும் முக்காலியையும் தூக்க ஆள் வேண்டும்.

"பள்ளிக்கூடத்துல பேசுனோமே, மூணு பேரும் பொதிகை மலைக்குப் போவணும்னு? இப்பப் போவோம்" என்றான் தேவபிரசாதம்.

"நான் படம் எடுக்கேன்" என்றான் காஜா.

அதுவரை கடையை எப்படி விட்டுவிட்டு வருவது என்று யோசித்துக்கொண்டிருந்த வீரபாகு, "நானும் கேமராவத் தூக்கிட்டு வாரேன்" என்றான். மலைப்படம் என்றால் என்னவென்று காட்டிவிட வேண்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

அவன் பெண்டாட்டி சண்முகவடிவு கட்டுச்சோறு கட்டும்போதே சொன்னாள்: "சிநேகிதன் கூடப் போறவுக மாதிரியா இருக்கு ஒங்க மூஞ்சி? சண்டைக்குப் போறவுக மாதிரில்லா இருக்கு."

மணியாச்சியிலும் திருநெல்வேலியிலும் வண்டி மாறி, அம்பாசமுத்திரத்தில் இறங்கி, பாபநாசம் வரை பஸ்ஸில் போனார்கள். அதற்கு மேல் நடை. மரக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமக்க சொரிமுத்து என்ற மலைவாசிக் காணிக்காரரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். ஈரப் பாறையிலும் வேர்களிலும் கால்வைத்து ஏறும்போது வீரபாகுவின் கண் வழியில் இல்லை, காஜாவின் கையில்தான் இருந்தது. காஜா நினைத்த இடத்தில் நின்றான். குனிந்து பெட்டிக்குள் பார்த்தான், அமுக்கினான், நடந்தான். இலையில் தொங்கும் தண்ணீரை எடுத்தான். பீடி பற்றவைக்கும் சொரிமுத்துவை எடுத்தான். வீரபாகு மூச்சிரைத்துக்கொண்டு பாறையில் சாய்ந்தபோது அதையும் எடுத்தான்.

"எதுக்குலே பிலிமை வீணாக்குத? சண்டைக்காலத்துல ஒரு தகடு கிடைக்காம நாங்க நாயா அலைஞ்சோம்."

"நல்லா வராட்டிப் போவுது" என்று சிரித்தான் காஜா. நல்லா வராவிட்டால் போகட்டும் என்று ஒரு மனுஷனால் எப்படிச் சொல்ல முடிகிறது என்று வீரபாகுவுக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை பொதிகை உச்சி தெரியும் மேட்டுக்குப் போனார்கள். உச்சியை மேகம் மூடியிருந்தது. வீரபாகு முக்காலியை ஊன்றி, தகட்டைச் சொருகி, எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். மற்ற இரண்டு பேரும் வெல்லமும் அவலும் தின்றுகொண்டு பள்ளிக்கூடத்துக் கதை பேசினார்கள். தேவபிரசாதம் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தான். தன்னிடம் பேசும்போது அவன் இப்படிச் சிரித்ததே இல்லை என்று வீரபாகுவுக்குத் தோன்றியது. அந்த எரிச்சல் வேறு.

வெயில் ஏறியது. திடீரென்று மேகம் கிழிந்து உச்சி முழுசாக வெளியே வந்தது. அந்த நேரம் பார்த்து வீரபாகு, காஜா என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்த்தான். காஜா மலையைக் கவனிக்கவே இல்லை. தேவபிரசாதத்தின் கெண்டைக்காலில் அட்டை ஏறிவிட்டது. வேட்டியைத் தொடைக்குமேல் தூக்கிக்கொண்டு, "ஏசப்பா! ஏசப்பா!" என்று அவன் பாறைமேல் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தான். காஜா தரையோடு உட்கார்ந்து சிரித்தபடியே அவனைப் படம் எடுத்தான்.

வீரபாகு திரும்பி லென்ஸ் மூடியைக் கழற்றியபோது மேகம் மறுபடி கூடிவிட்டது. கிடைத்ததை எடுத்துக்கொண்டான்.

காஜா கப்பலேறும்போது பிலிம் சுருளை வீரபாகுவிடம் கொடுத்தான். "நீயே கழுவிரு. வேற யார்கிட்டயும் குடுக்க மனசில்ல."

இருட்டறையில் அந்தச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு வீரபாகு வெகுநேரம் நின்றான். கதவைக் கொஞ்சம் திறந்தால் போதும். மலையில் ஈரம் பட்டுக் கெட்டுப்போச்சு என்று ஒரு வரி எழுதிவிடலாம். கதவுப் பக்கம் ஓரடி எடுத்தும் வைத்தான். ஆனால் யாருடைய படத்தையும் அவன் இதுவரை கெடுத்ததில்லை. கை தானாக மருந்துத் தட்டுக்குப் போய்விட்டது.

அவனுடைய தகட்டில் சாம்பல் பூசியதுபோல ஒரு மேடு, அவ்வளவுதான். காஜாவின் சுருளில் அந்தப் படம் இருந்தது. பாறைமேல் ஒற்றைக்காலில் தேவபிரசாதம், வாயெல்லாம் சிரிப்பும் அலறலும். அவனுக்குப் பின்னால் வானத்தைத் தொட்டுக்கொண்டு பொதிகை உச்சி, ஒவ்வொரு மடிப்பும் துலக்கமாக. குதிக்கிற மனுஷனும் அசையாத மலையும். வீரபாகு அதைப் பெரிதாக்கிப் போட்டுப் பார்த்தான். எங்கேயாவது குற்றம் கிடைக்குமா என்று லென்ஸ் வைத்துத் தேடினான். கிடைக்கவில்லை.

"அந்த மனுசன் அமுக்குனா மட்டும் மலை எப்படி வந்து நிக்குது?" என்று சண்முகவடிவிடம் குமுறினான்.

"அவுக சிரிச்சிக்கிட்டே எடுத்தாக. நீங்க பல்லைக் கடிச்சிக்கிட்டு எடுத்திய" என்றாள் அவள்.

காய்வதற்காகக் கடைக்குள் தொங்கவிட்டிருந்த படத்தை, பாத்திரக்கடை நல்லக்கண்ணு பார்த்துவிட்டார். "அண்ணாச்சி! இது நீங்க எடுத்ததா?"

வீரபாகு திரும்பினான். இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தான். "ஆமா" என்று வந்துவிட்டது.

அதற்குப்பிறகு படம் கடை முகப்புக் கண்ணாடிக்குள் ஏறியது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு அடங்கி மலையைப் பார்த்தார்கள். திருச்செந்தூருக்குப் போகிற கூட்டம்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. 'மலைப்பட அண்ணாச்சி' என்று பேர் வந்தது. புகழ்கிறவர்கள் முன்னால் வீரபாகு தலையை ஆட்டுவான். அவர்கள் போனபிறகு, தன் கடைக்குள்ளேயே காஜா வந்து உட்கார்ந்துகொண்டு தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கும். சண்முகவடிவு அந்தக் கண்ணாடியைத் துடைப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஒரு வருஷம் கழிந்து, முன்னறிவிப்பு இல்லாமல் காஜாவும் தேவபிரசாதமும் கடைக்குள் நுழைந்தார்கள். நல்லக்கண்ணுவும் அங்கேதான் இருந்தார்.

"அண்ணாச்சி எடுத்த படத்தப் பாத்தியளா?" என்று அவர் காஜாவிடமே பெருமையாகக் கேட்டார். தேவபிரசாதத்தைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் குஷி. "அடடே, நீங்கதான அதுல குதிக்கிய!"

தேவபிரசாதம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். காஜா அவன் தோளில் கைவைத்து அழுத்திவிட்டு, நல்லக்கண்ணுவைத் தன் ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துச் சொன்னான்: "எங்க வீரபாகு கைராசி அப்படி, காக்கா."

நல்லக்கண்ணு போனதும் வீரபாகு கதவைச் சாத்தினான். "ஏம்லே சொல்லல? நீ எடுத்ததுன்னு ஏம்லே சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? கழுவி, பெரிசாக்கி, சட்டம் போட்டது நீதானலே. நான் பொத்தான அமுக்குனேன். அந்தப் படம் எடுத்ததே எனக்கு மறந்துபோச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு வருஷமாகத் தன் தூக்கத்தைத் தின்ற படம் அவனுக்கு நினைவிலேயே இல்லை. கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூட வீரபாகுவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"உன்னக் கண்டா எனக்கு எரியுதுலே!" என்று கத்திவிட்டான். "சின்ன வயசுலருந்து எரியுது. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். இதுலயும் வந்து நிக்குதியே!"

தேவபிரசாதம் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "இது எங்க ரெண்டு பேருக்கும் போர்டிங்லயே தெரியுமேலே. புதுசா என்னமோ சொல்லுத."

காஜா சிரிக்கவில்லை. கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "இத நீயே வச்சுக்கோ. எனக்கு இதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"அத எடு முதல்ல! நீ தூக்கிப் போடுதத நான் பொறுக்கணுமா?"

காஜா அதை எடுத்து மாட்டிக்கொண்டான். அன்றைக்குச் சாயந்தரமே வீரபாகு தூரிகை எடுத்து, படத்தின் அடியில் 'எடுத்தவர்: காஜா முஹ்யித்தீன், காயல்பட்டினம்' என்று கொட்டையெழுத்தில் எழுதினான். நல்லக்கண்ணுவிடம் நேரில் போய் விஷயத்தைச் சொன்னான். அவர் ரொம்பநாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. மலைப்பட அண்ணாச்சி என்ற பேர் உதிர்ந்துபோய், பழையபடி படக்கார அண்ணாச்சி ஆனான். எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் பழைய எரிச்சல் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. என்றாலும் ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. சண்முகவடிவு ஒருநாள் கண்ணாடியைத் துடைத்து வைத்தாள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் மூவரும் திரும்பவும் மலைக்குப் போனார்கள். வீரபாகு மரக் கேமராவையும் தூக்கிப் போனான். ஓடைக்கரையில் காஜா பெட்டிக்குள் குனிந்து என்னவோ பார்த்துக்கொண்டிருந்தபோது வீரபாகு துணிக்குள் தலையை விட்டான். "அசையாதீங்க" என்று சொல்லவில்லை. காஜாவே அசையாமல்தான் இருந்தான். மர இடுக்கு வழியாக வெளிச்சம் அவன் தொப்பிமேலும் கைமேலும் விழுந்திருந்தது. தகட்டைக் கழுவிப் பார்த்தபோது வீரபாகுவுக்கே நம்பமுடியவில்லை. அப்படி ஒரு படம் அவன் எடுத்ததே கிடையாது.

காஜா கொழும்புக்குக் கிளம்பும் அன்று துறைமுகத்தில் வைத்து வீரபாகு அந்தப் படத்தை அவனிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு அவன் முகத்தையே உற்றுப் பார்த்தான். ஒரு கோடு, ஒரே ஒரு சுளிப்பு, லேசாக ஒரு பொறாமை தெரியாதா என்று.

"நல்லாருக்குலே!" என்றான் காஜா. மனசாரத்தான் சொன்னான். படத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தான். "உம்மாகிட்டக் காட்டணும். அதுசரி, இன்னைக்கு ஒங்க வீட்டு நெத்திலிக் குழம்பு என்னா ருசி! தங்கச்சிகிட்டச் சொல்லிரு."

வீரபாகுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டத்தான் வாயெடுத்தான், சிரிப்பு வந்துவிட்டது. காஜா ஏறிய படகு கப்பலை நோக்கிப் போகும்வரை கரையில் நின்று, சிரித்துக்கொண்டே அவனை வைதுகொண்டிருந்தான்.