தேறாத செடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒரே ஒரு பூ: மஞ்சள் கலக்காத வெள்ளை டேலிலி. காலையில் மலர்ந்து அன்றைக்கே வாடிவிடும் இந்தப் பூவில் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் பஞ்சமில்லை. வெள்ளை என்று சொல்லப்படுவதும் கிட்டப் போய்ப் பார்த்தால் வெண்ணெய் நிறம்தான். கடை திறக்கும் முன் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் பூவில் தொட்டு வைப்பார். காய் முற்றிக் கிடைக்கும் கறுப்பு விதையை ஊன்றி, முதல் பூவுக்கு இரண்டு மூன்று வருடம் காத்திருப்பார். பூத்ததும் தீர்ப்பு. பெரும்பாலும் ஒரே தீர்ப்பு: "தேறாது."

தேறாததைக் குப்பையில் எறிய மட்டும் மனம் வராது. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அண்ணியின் தலையில் கட்டிவிடுவார். அண்ணியும் அலுத்துக்கொண்டே குழி தோண்டி நட்டுவைப்பார்.

ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தவரின் கை அப்படியே நின்றது. அண்ணியின் துணிக்கொடிக்கு அடியில் ஒரு வெள்ளைப் பூ. மஞ்சள் மருந்துக்குக்கூட இல்லை.

"அண்ணி, இது ஏது?"

"நீங்க குடுத்ததுதான். போன வருஷம் 'சோகை புடிச்ச மூஞ்சி'ன்னு தள்ளிவிட்டீங்களே!"

சுருக்கென்றது. நாற்றின் முதல் பூவை நம்பக்கூடாது, வேர் நன்றாக ஊன்றிய பிறகுதான் அது தன் சொந்த நிறத்தைக் காட்டும். இது அவருக்குத் தெரியாததல்ல. நாலு பேருக்கு அவரே சொன்னதுதான். தெரிந்திருப்பது ஒன்று, பொறுத்திருப்பது வேறொன்று.

"செடியைத் திருப்பிக் குடுத்துடுங்க அண்ணி."

"அஸ்கு புஸ்கு! ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடற கொழுந்தனாரு, அன்னிக்கே ஒண்ணு மாட்டிக்கிட்டுப் பாத்திருக்கணும்."

"மகரந்தமாவது எடுத்துக்கறேன். இந்தத் தண்டுல இதுதான் கடைசிப் பூ."

"முந்தாநாள்லேருந்து பூக்குது. உங்க பாத்தியை விட்டு நிமிந்து பாத்தாத்தானே! சரி, எடுத்துக்குங்க. ஆனா இதுல முளைக்கிற எதையும் என்னைக் கேக்காம 'தேறாது'ன்னு சொல்லக்கூடாது."

அவர் தயங்கினார். வீட்டில் அவர் பேச்சு செல்லுபடியாகும் இடம் அந்தப் பாத்தி ஒன்றுதான். அங்கேயும் பங்கு கொடுப்பதென்றால்?

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "சரின்னு சொல்லித் தொலைங்களேன்! நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அது வாடிடும்."

"சரி அண்ணி" என்றார், வாய் நிறைய நுரையுடன்.

வேலியைத் தாண்டிக் குதித்தவருக்காக, கொடியில் தொங்கிய ஈரப் போர்வையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார் அண்ணி.