யார் முதலில் வைப்பது

ஒரகடத்தில், கார் வாங்கியவர்களின் புகார் கேட்கும் கால் சென்டருக்கு மென்பொருள் எழுதியது நான்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் கணினியின் நினைவகத்தில் அதன் விவரங்களைத் தாங்கும் ஒரு ஆப்ஜெக்ட் உருவாகும். அழைப்பு முடிந்ததும் அழிய வேண்டும். அழியவில்லை. நினைவகம் நிரம்பி, மதியத்துக்குள் கணினிகள் ஒவ்வொன்றாக ஹேங் ஆயின. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள், போன் எடுக்கும் பெண் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். பேச்சு முடிந்தும் அவள் 'முடி' பொத்தானைத் தொடவில்லை. எதிர்முனை துண்டித்த பிறகு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

"ஏம்மா அமுக்கல?" என்று எரிந்து விழுந்தேன்.

"அவங்க வெக்கறதுக்கு முன்னாடி நாம வெச்சா மரியாதயா இருக்காது சார். இங்க யாருமே அத அமுக்க மாட்டோம்."

நிரலைத் திறந்து பார்த்தேன். எதிர்முனை முதலில் வைத்தால் என்ன செய்வதென்று நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அம்மாவிடம் பேசும்போதுகூட நான்தான் முதலில் வைப்பேன்.