வேம்புக்குக் கட்டிய மஞ்சள் துணி

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த காலனிக்கு நடுவில் ஒரே ஒரு வேப்பமரம். எல்லாருக்கும் பொது. தண்ணீர் ஊற்றுவதும் சருகு கூட்டுவதும் வாரம் ஒரு வீட்டின் முறை என்று காலனி சங்கத்தில் பேசி வைத்திருந்தார்கள். முறை வந்தால் எல்லாருக்கும் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொள்ளும். எல்லா வாரமும் குடம் தூக்கியது என் அம்மாதான். காரணம் அப்பா.

அப்பா விழுப்புரத்துக்கு பஸ் ஓட்டியவர். எண்பதுகளின் நடுவில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கோடையில் வெயில் ஏறிவிட்டால் உள்ளே மனுஷன் இருக்க முடியாது. காலையில் நானும் அம்மாவும் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடத்துவோம். காற்றோட்டம் இல்லாவிட்டால் தாங்கமாட்டார் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அவர் படுத்த இடத்திலேயே மூத்திரம் போவார். வாய் கோணி எச்சில் ஒழுகும். காலனிக்காரர்களுக்கு இது கண்ணை உறுத்தியது. நேராகச் சொல்ல வாய் வரவில்லை, மரத்தின் மேல் பழி போட்டார்கள். வேர் செப்டிக் டேங்கைப் பிளக்கிறதாம். டேங்க் இருந்ததோ காலனியின் கடைசியில். ஆனாலும் சங்கக் கூட்டத்தில் மரத்தை வெட்டுவது என்று முடிவாயிற்று.

அம்மா அழவில்லை. மறுநாள் விடிவதற்குள் மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தன் பழைய புடவையைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் கட்டிவிட்டாள். "கனவுல ஆத்தா வந்தா. நான் இங்கதான் இருக்கறேன்னு சொன்னா" என்று குழாயடியில் சொல்லிவிட்டு வந்தாள். மஞ்சள் கட்டிய வேம்பில் கோடாலி வைக்க எங்கள் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் வராது. வெட்ட வந்த ஆட்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

வெள்ளிக்கிழமை சூலம் நட்டார்கள். அதுவரை ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாதவர்கள் குடம் குடமாக ஊற்றினார்கள். பிறகு சங்கச் செயலாளர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"டிரைவரம்மா, நீயே சொல்லு. ஆத்தா குடியிருக்கிற எடத்துல ஒரு ஆளு மூத்திரம் போய்க்கினு படுத்துக்கினு இருந்தா நல்லாவா இருக்குது? ஊட்டுக்குள்ள போட்டுக்கோ."

"உள்ள அனல் அடிக்குது சார். செத்துடுவாரு."

"அதெல்லாம் ஆத்தா பாத்துக்குவா" என்றார் அவர். அந்த நாக்கு அழுகியிருக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கத்திரி வெயிலில் அப்பாவை உள்ளே போட்டோம். ஈரத் துணி போர்த்தினால் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். ஜன்னல் வழியே மரம் தெரியும். அவர் நல்ல கையை அந்தப் பக்கமே நீட்டிக்கொண்டு கிடந்தார். வெளியே நிழலில் உட்கார்ந்து பெண்கள் ஆத்தாவுக்குப் பூக் கட்டினார்கள். கத்திரி முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா நேரே மரத்துக்குப் போய்த் துணியைப் பிய்த்து எறிந்தாள்.

"ஆத்தாவும் வரல, ஒருத்தியும் வரல. எம் புருசனுக்கோசரம் நான் சொன்ன பொய்யி அது. இப்ப வெட்டுங்க" என்றாள்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று செயலாளரின் மனைவி மற்றவர்களிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்கம்மாவ இட்டுக்கினு போம்மா. தாலி அறுத்தவ மஞ்சத் துணியத் தொடலாமா? இனிமே இந்தப் பக்கம் வுடாத" என்றாள்.

நான் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவர்கள் மரத்துக்குப் புதுத் துணி கட்டினார்கள். அதற்கு முன்னால், அம்மா நின்றிருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.