இருட்டு கேட்ட எந்திரம்

எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்து நாளாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அது வராதவர்களைத்தான் நின்று பார்ப்பார்கள். மாத்திரை போடுகிறேன். டாக்டரிடம் காலைக் காட்டுகிறேன். கண்ணை மட்டும் ஒரே ஒரு தடவை காட்டியதோடு சரி. காரணம் பயம் இல்லை. வேன்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டிலிருந்து ஜெலாப்பாங்கில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிறேன். நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை வீட்டுமனை ஆக்கி எங்களை வெளியே அனுப்பினார்கள். ரப்பர் எங்களை விடவில்லை. அம்மாக்கள் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார்கள். மகள்கள் அச்சிலிருந்து கையுறை உருவுகிறார்கள். நான் நடுவில் ஸ்டியரிங் பிடிக்கிறேன்.

அந்த ஒரு தடவை அரசாங்க கிளினிக்கில் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கண் பாப்பா விரிந்தால்தான் உள்ளே பார்க்க முடியுமாம். வெளியே வந்தால் எல்லாம் வெள்ளை. சாவி கையில் இருந்தது, சாலையைக் காணோம். மாலை வரை வேனுக்குள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷிப்ட் முடிந்த பெண்கள் தொழிற்சாலை வாசலில் நின்று வேர்த்தார்கள். வேன் காண்டிராக்டர் திட்டினார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றார். அதற்குப் பிறகு நான் கண் கிளினிக் பக்கம் போகவில்லை.

இந்த வருடம் இடது கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளி மிதந்தது. கொசு என்று நினைத்து அடித்தேன். கன்னம் வலித்தது. கொசு போகவில்லை.

அப்போதுதான் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, ஞாயித்துக்கெழம நம்ம மண்டபத்துல கண் முகாம். புது மெஷின். மருந்தே கெடையாது லா. மாட்டுவாங்க, பாப்பாங்க, கழட்டுவாங்க. நீங்க உடனே வேன எடுத்துக்கிட்டுப் போலாம். நம்ம டத்தோ, பட்டம் வாங்கின பெரியவரு, அவரு ஏற்பாடு. அவரே வாராரு.”

“அவருக்குக் கண்ணுல என்ன?”

“அவருக்கு ஒண்ணும் இல்ல. தொறந்து வைக்க வாராரு.”

ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு மூன்று மணி ஷிப்ட் உண்டு. மருந்து இல்லை என்றதால் போனேன்.

மண்டபத்தில் எந்திரம் சின்னது, பேனர் பெரியது. பேனரில் டத்தோவின் முகம் பெரியது. கண் படம் ஒன்று ஓரத்தில் இருந்தது, அதையும் பூமாலை மறைத்தது.

கண் பார்க்க வந்தது ஒரு சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள். முகத்தில் கறுப்புப் பெட்டி மாதிரி ஒன்றை மாட்டுவாள். உள்ளே இருட்டு. தூரத்தில் ஏதோ மங்கலாகப் போகும், அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண் பாப்பா தானாக விரியும். கழற்றியதும் இருட்டிலேயே கேமராவில் தாடையை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

“ஆனா மண்டபம் இருட்டா இருக்கணும் ஆன்ட்டி. அந்தக் குத்துவெளக்க அணைக்கலாமா?”

தலைவருக்கு முகம் வெளுத்தது. டத்தோ ஏற்றிய விளக்கு. அதை அணைப்பதா? அபசகுனம் என்றார். செயலாளரும் அபசகுனம் என்றார். கொஞ்ச நேரம் கூடிப் பேசி, பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து விளக்கின் மேல் கவிழ்த்தார்கள். காற்றில்லாமல் விளக்கு அணைந்தது. யாரும் அணைக்கவில்லை என்பதால் அபசகுனம் இல்லை.

முதல் ஆள் நான். பெட்டியை மாட்டினாள். உட்கார்ந்தேன். கழற்றினாள். தோளில் ஒரு கை விழுந்தது. டத்தோ. எதிரே தலைவர், கையில் கைப்பேசி. பளிச்.

“ஐயோ, சுருங்கிடுச்சு,” என்றாள் அந்தப் பெண்.

மறுபடி மாட்டினாள். மறுபடி இருட்டு. மறுபடி கழற்றினாள். இந்தத் தடவை டத்தோ கூட்டிவந்த படக்காரர். அவருடைய பளிச் இன்னும் பெரியது.

“சொட்டு மருந்து விட்டா வெளிச்சம் பட்டாலும் சுருங்காது ஐயா. இதுல மருந்து இல்ல. வெளிச்சம் பட்டா உடனே சுருங்கும். தயவுசெஞ்சு படம் எடுக்காதீங்க.”

“சரிம்மா, பிளாஷ் வேணாம். ஆனா இருட்டுல எடுத்தா டத்தோ தெரிய மாட்டாரே,” என்றார் தலைவர்.

நான் கேட்டேன். “தலைவரே, இது என் கண்ணப் பாக்கிற முகாமா, டத்தோவப் பாக்கிற முகாமா?”

வரிசையில் இருந்த ஒருத்தி சொன்னாள். “ரெண்டுமே தெரியலக்கா. அதான் பிளாஷ் அடிக்கிறாங்க.”

சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு பளிச். சிரிப்பதையும் படம் எடுத்தார்கள்.

எழுந்தேன். கேமரா இருந்த மேசையின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறு முனையை அந்தப் பெண் பிடித்தாள். மண்டபத்துக்குப் பின்னால் சாமி வாகனங்கள் நிற்கும் அறை. சன்னல் கிடையாது. மயிலுக்கும் சிங்கத்துக்கும் நடுவில் மேசையைப் போட்டோம். உள்தாழ்ப்பாள் போட்டேன்.

பெட்டி முகத்தில் இருக்கும்போதே கதவு தட்டப்பட்டது.

“அக்கா! டத்தோ கெளம்புறாரு. ஒரே ஒரு படம். தாப்பா, பரவால்ல, கண்ண மூடிக்கிட்டுக்கூட நிக்கலாம்!”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கழற்றி என் தாடையைக் கேமராவில் வைத்தாள்.

“தாடைய ஆட்டாதீங்க ஆன்ட்டி.”

“நீ சிரிக்காத.”

வலது கண் முடிந்தது. இடது கண்ணுக்கு வந்தாள். திரும்பவும் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

“ஆன்ட்டி, வேன் ஓட்டுறேன்னு சொன்னீங்கல்ல?”

“சொன்னேன்.”

“இடது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. நாளைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க சொட்டு விட்டுத்தான் பாப்பாங்க. வேற வழி இல்ல.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு ரோடு நல்லாத்தான் தெரியும். ஆனா ஓட்டாதீங்க. நெறைய கசிஞ்சா ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே அந்தக் கண்ணு மறைச்சிடும்.”

வெளியே வந்தோம். வரிசையில் யாரும் படத்துக்கு நிற்காததால், மண்டபத்தில் விட்டு வந்த உதிரிப் பெட்டியை டத்தோவே மாட்டிக்கொண்டு நின்றார். தலைகீழாக மாட்டியிருந்தார். பளிச், பளிச். கைதட்டினார்கள்.

வாசலில் வெயில் சாதாரண வெயிலாக இருந்தது. வேனின் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. மெஷின் சொன்னபடி நடந்துகொண்டது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

காண்டிராக்டருக்கு போன் போட்டேன். மூணு மணிக்கு வேற ஆள் அனுப்புங்க என்றேன்.

“மருந்து விட்டுக்கிட்டீங்களா?”

“இல்ல.”

“கண்ணு தெரியுதுல்ல? அப்புறம் என்ன சூசா, என்ன கஷ்டம்?”

“தெரியுது. எப்ப தெரியாமப் போகும்னு தெரியாது. பின்னால பொம்பளைங்க உக்காந்திருக்காங்க.”

“என் மச்சான அனுப்புறேன். வேன் அவன்கிட்டயே இருக்கட்டும்,” என்றார்.

“இருக்கட்டும்.”

மச்சானுக்கு வழி தெரியாது. அதனால் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்தேன். முதல் நிறுத்தத்தில் ஏறிய பெண் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“என்னக்கா இந்தப் பக்கம்? கண்ணுக்கு மருந்து விட்டாங்களா?”

“இல்ல. மருந்து இல்லாமலே தெரிஞ்சுபோச்சு.”

அவள் உட்கார்ந்தாள். ஜெலாப்பாங் திருப்பத்தில் மச்சான் பிரேக்கை மோசமாகப் போட்டான். அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன்.